ரூசோவின் நான்கு அரசியல் நூல்கள் ஒரே தொகுதியில்: ஜி.டி.எச். கோலின் மொழிபெயர்ப்பு குறித்த மதிப்புரை

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் எந்த இளைஞரைக் கேட்டாலும் ரூசோவைப் பற்றி மூன்று செய்திகள் தடையின்றி வந்து விழும்: ஜெனீவாவில் பிறந்தவர், 1762-ல் சமுதாய ஒப்பந்தம் எழுதியவர், பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டவர். பள்ளிப் பாடநூலில் தொடங்கி வழிகாட்டி நூல், வினா வங்கி என்று இந்த மூன்று செய்திகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றனவே தவிர, அந்த மனிதர் எதை எதிர்த்து வாதாடினார், எந்தக் கேள்விக்கு விடை தேடினார் என்பது படிப்பவர் கைக்கு வந்து சேர்வதில்லை. இதைத் தீர்த்துக்கொள்ள ஒரே ஒரு புத்தகம் வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் மாலை நேரங்களில் கூடிப் படிக்கும் மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் பரிந்துரைப்பது, 'சமுதாய ஒப்பந்தமும் ஆய்வுரைகளும்' என்று பொருள்படும் தலைப்பில் 1913-ல் எவ்ரிமேன்ஸ் லைப்ரரி வரிசையில் வெளிவந்த ஆங்கிலத் தொகுதி. மொழிபெயர்த்து முன்னுரை எழுதியவர் ஜி.டி.எச். கோல், பின்னாளில் பிரிட்டிஷ் சோசலிச இயக்கத்தின் முக்கியமான சிந்தனையாளராக அறியப்பட்ட அவர், இதைச் செய்தபோது இருபதுகளில் இருந்த இளைஞர். ரூசோவின் நான்கு நூல்கள் இதில் அடங்கியிருக்கின்றன: சமுதாய ஒப்பந்தம், கலைகளும் அறிவியலும் பற்றிய ஆய்வுரை, மனிதரிடையே ஏற்றத்தாழ்வு தோன்றிய விதம் பற்றிய ஆய்வுரை, அரசியல் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரை. நூறாண்டு கடந்த மொழிபெயர்ப்பு என்பதால் குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆகவே விலை ஒரு தடையே இல்லை. எந்த வரிசையில் படிப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது, என் மதிப்பீடும் அதைப் பற்றியதுதான்.

தொகுதி சமுதாய ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. பெயர்பெற்ற நூல் முதலில் வர வேண்டும் என்று பதிப்பாளர் கருதியிருக்கலாம். ஆனால் அது 1762-ல் வந்தது, அதற்குப் பின்னால் அச்சாகியிருக்கும் மூன்று ஆய்வுரைகளும் அதற்கு முந்தியவை. முதல் பக்கத்தைத் திறக்கும் புதிய வாசகர், மனிதன் சுதந்திரமாகப் பிறந்தவன், எங்கு பார்த்தாலும் விலங்கு பூட்டப்பட்டிருக்கிறான் என்ற வரியைப் படித்து மெய்சிலிர்க்கிறார். அடுத்த சில வரிகளிலேயே, இந்த மாற்றம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, அதை நியாயமானதாக ஆக்குவது எது என்பதற்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும் என்று ரூசோ எழுதுவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். விலங்கு எங்கிருந்து வந்தது, பூட்டியவர் யார், பூட்டிக்கொள்ளச் சம்மதித்தவர் யார் என்பதையெல்லாம் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1755-ல் வெளியான ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுரையில் அவர் ஓர் ஊகக் கதையாக விரிவாகச் சொல்லி முடித்திருக்கிறார். அந்தக் கதை தெரியாமல் ஒப்பந்தத்துக்குள் நுழைகிறவர்களுக்கு அது வறண்ட சட்டப் புத்தகமாகத் தெரிவதில் வியப்பில்லை. எனவே இந்தத் தொகுதியை வாங்குகிறவர்கள் முன்னுரையையும் ஒப்பந்தத்தையும் தாண்டிப் போய் ஆய்வுரைகளில் தொடங்கி, பிறகு முன்பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதல் ஆய்வுரையில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கலைகளும் அறிவியலும் மறுமலர்ச்சி பெற்றதால் ஒழுக்கம் தூய்மை அடைந்ததா என்று திஷோன் நகரத்துக் கல்விக் கழகம் 1749-ல் ஒரு போட்டி அறிவித்தது. வின்சென் கோட்டைச் சிறையில் இருந்த நண்பர் தீதரோவைப் பார்க்க நடந்து போகும் வழியில் அந்த அறிவிப்பைப் படித்த ரூசோ, இல்லை, கெட்டுத்தான் போனது என்று எழுதி 1750-ல் பரிசும் பெற்றார். ஆவேசம் நிறைந்த எழுத்துதான், ஆனால் தன் நூல்களிலேயே வாதத்தில் மிகவும் பலவீனமானது இதுதான் என்று பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு முறை வேகமாகப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

அடுத்தது, ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுரை. இந்தத் தொகுதிக்கு நீங்கள் கொடுக்கும் காசும் நேரமும் இந்த ஒரு நூலுக்கே சரியாகப் போய்விடும் என்று நினைக்கிறேன். அரசும் சொத்தும் சட்டமும் இல்லாத காலத்தில் மனிதன் எப்படி இருந்திருப்பான் என்று கற்பனை செய்து, அங்கிருந்து இன்றைய நிலைக்கு ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார் ரூசோ. அந்த இயற்கை நிலை இப்போது இல்லை, ஒருவேளை எப்போதும் இருந்ததில்லை, இனி இருக்கப் போவதும் இல்லை என்று முன்னுரையிலேயே அவர் எழுதிவிடுகிறார். இன்றைய மனிதனில் எது இயல்பு, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிய அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. இயற்கை நிலை என்பது அந்த அளவுகோல், வரலாற்றுச் செய்தி அல்ல.

இந்த எச்சரிக்கை நம் ஊர் வாசகருக்கு இரட்டிப்பாகத் தேவை. ஏற்காட்டில் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு, சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களைப் பார்த்து, ரூசோ சொன்ன இயற்கை மனிதர் இவர்கள்தான் என்று நினைக்கத் தோன்றும். நினைக்கக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் மரபுக் கதையைச் சொல்லும் அம்மக்கள் உழவர்கள்; ஊர், நாடு என்ற அமைப்பும் தலைமையும் வழக்குத் தீர்க்கும் முறையும் உடையவர்கள். ரூசோவின் காட்டு மனிதனுக்கோ மொழி இல்லை, வீடு இல்லை, பக்கத்தில் இருப்பவன் யார் என்ற நினைவும் இல்லை. கரீபியத் தீவு மக்களைப் பற்றிப் பயணிகள் எழுதிய குறிப்புகளை நம்பி அவரே சில இடங்களில் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார் என்பது உண்மை. அது நூலின் குறை. அந்தக் குறையை நாம் சேர்வராயனுக்கு ஏற்றிவிடக் கூடாது.

இரண்டாம் பகுதியில் மனிதர்கள் குடிசை கட்டிக் குடும்பமாகக் கூடி வாழத் தொடங்கும் இடத்தில் ஒரு காட்சி வருகிறது. குடிசைகளுக்கு முன்னால், ஒரு பெரிய மரத்தைச் சுற்றி எல்லோரும் கூடுகிறார்கள். பாட்டும் கூத்தும் பொழுதுபோக்காகின்றன. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், தானும் பார்க்கப்பட வேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார்கள். நன்றாகப் பாடுகிறவனுக்கும், ஆடுகிறவனுக்கும், அழகனுக்கும், பலசாலிக்கும், பேச்சுத் திறமை உள்ளவனுக்கும் மதிப்புக் கூடுகிறது. ஏற்றத்தாழ்வின் முதல் படி இதுதான் என்கிறார் ரூசோ. நிலமும் பணமும் இன்னும் வரவில்லை. உயர்வு தாழ்வு மனிதனின் கண்ணில் பிறந்து, பிறகுதான் காணிக்கும் களஞ்சியத்துக்கும் போகிறது என்ற இந்தக் கருத்தைச் சாதியின் நாட்டில் வாழும் நாம் பொறுமையாகப் படிக்க வேண்டும்; கையில் ஒன்றுமில்லாதவனும் இன்னொருவனைத் தனக்குக் கீழே வைத்துப் பார்ப்பதில் நிறைவடைவது எப்படி என்பதற்கு நான் படித்த விளக்கங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை.

அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, சேலத்துக்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் ஒரு வரி இருக்கிறது. மனிதனை நாகரிகப்படுத்தியவை பொன்னும் வெள்ளியும் என்று கவிஞர்கள் சொல்வார்கள். மெய்யியலாளனைக் கேட்டால் இரும்பும் தானியமும்தான் மனிதனை நாகரிகப்படுத்தி மனித குலத்தைக் கெடுத்தன என்பான், என்கிறார் ரூசோ. கஞ்சமலையின் இரும்புத்தாதுவும், அதை உருக்கிய பழைய உலைகளும், 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலையும், இன்று மலை அடிவாரத்தில் நிற்கும் உருக்காலையும் நம் ஊரின் பெருமைப் பட்டியலில் இருப்பவை. அவற்றை இந்த வரியோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போது அவருடைய காரணம் தெளிவாகிறது. இரும்பு அடிப்பவருக்குச் சோறு போட இன்னொருவர் உழ வேண்டும், உழுகிறவருக்குக் கலப்பை தர இரும்பு அடிப்பவர் வேண்டும். ஒருவரே இருவருக்கான உணவைச் சேர்த்து வைத்தால் ஆதாயம் உண்டு என்று தெரிந்த கணத்தில் சமத்துவம் போய்விட்டது, சொத்து வந்துவிட்டது, உழைப்பு கட்டாயமாகிவிட்டது. இரும்பு தீயது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது எப்படி ஒருவருக்கு ஒருவர் அடிமைப்படுவதாக மாறுகிறது என்பதையே அவர் காட்டுகிறார்.

வேலி பற்றிய புகழ்பெற்ற பத்தி அந்த இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒரு துண்டு நிலத்தை முதன்முதலாக வளைத்துப் போட்டு, இது என்னுடையது என்று சொல்லி, அதை நம்பும் அளவுக்கு எளிய மனிதர்களையும் கண்டுபிடித்தவன்தான் சமூகத்தின் உண்மையான நிறுவனர். யாராவது அந்த வேலி முளைகளைப் பிடுங்கி எறிந்து, பள்ளத்தைத் தூர்த்து, இந்த ஏமாற்றுக்காரனை நம்பாதீர்கள், விளைச்சல் எல்லோருக்கும் உரியது, நிலம் எவருக்கும் உரியதல்ல என்று கத்தியிருந்தால் எத்தனை போர்களும் கொலைகளும் தவிர்ந்திருக்கும் என்று கேட்கிறார். ஏற்காட்டில் ஏரியைத் தாண்டிச் சேர்வராயன் கோயில் பக்கம் போகும் சாலையில் நடந்தால், இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடியும், அதற்கு முன்னால் முள்கம்பியும் தொடர்ந்து வரும். காப்பி இந்த மலைக்கு வந்தது சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-ஐ ஒட்டி. எஞ்சிய காட்டைச் சுற்றிச் சட்டத்தால் கோடு போட்டது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ரூசோ கற்பனையில் வைத்த முளைகள் இங்கே ஆவணத்தில் இருக்கின்றன. பலரும் கவனிக்காத அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்த முதல் வேலி போடப்படும்போதே காலம் கடந்துவிட்டது, சொத்து என்ற எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல, அதற்கு முன் வந்த பல எண்ணங்களின் விளைவு என்று அவர் உடனே சேர்க்கிறார். வேலியைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதாக மேடைகளில் பேசப்படுவது இந்த வரியை விட்டுவிட்டதால்தான்.

சொத்து வந்தபின் சண்டை வருகிறது. சண்டையில் இழப்பதற்கு அதிகம் உள்ள பணக்காரன் ஒரு யோசனை சொல்கிறான். நாம் ஒன்றுசேர்வோம், பலவீனரைக் காப்போம், எல்லோருக்கும் பொதுவான நீதி விதிகளை வகுப்போம் என்கிறான். சுதந்திரத்தைக் காத்துக்கொள்வதாக நம்பி எல்லோரும் தங்கள் விலங்குகளை நோக்கி ஓடினார்கள் என்று ரூசோ எழுதுகிறார். சமுதாய ஒப்பந்தத்தில் முதல் வரியாக நிற்கும் விலங்கு இதுதான். பொய்யான ஒப்பந்தம் ஒன்று உண்டு என்று தெரிந்த பிறகுதான் மெய்யான ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உயிர் வருகிறது.

அரசியல் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரை, தீதரோ முன்னின்று தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1755-ல் வந்த கட்டுரை; வரியைப் பற்றிய பகுதிகள் முக்கியமானவை. வாழ்வுக்கு இன்றியமையாததை மட்டும் வைத்திருப்பவரிடம் வரி வாங்கக் கூடாது, ஆடம்பரத்தின் மீது கடுமையாகப் போட வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே திருத்தமாக வாதாடியிருக்கிறார். பணக்காரன் ஏழையோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை இரண்டு வாக்கியத்தில் அவர் எழுதிக்காட்டும் இடம் ஒன்று உண்டு: நான் பணக்காரன், நீ ஏழை, ஆகவே உனக்கு நான் தேவை, எனக்குப் பணி செய்யும் பெருமையை உனக்குத் தருகிறேன், உன்னை ஏவும் சிரமத்தை நான் ஏற்பதற்கு ஈடாக உன்னிடம் மிச்சமிருப்பதை எனக்குக் கொடுத்துவிடு. எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் செவ்வாய்ப்பேட்டையில் கூலிக்கு வெள்ளி வாங்கிக் கொலுசு செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னான்.

இவற்றைப் படித்து முடித்துவிட்டுத் தொகுதியின் முன்பக்கத்துக்கு வந்தால், சமுதாய ஒப்பந்தம் வேறொரு நூலாக இருக்கிறது. இதன் இதயம் பொதுவிருப்பம் என்ற கருத்து. வழிகாட்டி நூல்கள் இதைப் பெரும்பான்மை விருப்பம் என்று எழுதி மாணவரை வழிதவறச் செய்கின்றன. இரண்டாம் பகுதியின் 3-ஆம் அத்தியாயத்தில் ரூசோ தெளிவாகப் பிரிக்கிறார்: ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைச் சொல்லி அவற்றைக் கூட்டினால் வருவது எல்லோருடைய விருப்பம், எல்லோருக்கும் பொதுவான நன்மையை மட்டும் நோக்குவது பொதுவிருப்பம். கன்னங்குறிச்சி மூக்கனேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் குடியிருப்பவரைத் தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் வீட்டுக் கழிவுநீர் போக வழி கேட்பார், ஒருவர் கட்டட இடிபாடு கொட்ட இடம் கேட்பார், ஒருவர் மனை கேட்பார். இவற்றின் கூட்டுத்தொகை ஏரியின் அழிவு. அதே மனிதர்களிடம், நம் ஊரின் நிலத்தடி நீருக்கு இந்த ஏரி என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் விடை வேறாக வருகிறது. குடிமக்களின் முயற்சியால் அந்த ஏரி தூர்வாரப்பட்டு, வண்டல் மேடுகள் மரங்கள் நிற்கும் தீவுகளாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயம் எளிதில் விளங்கும்.

நான் மாணவர்களிடம் அடிக்கோடு இடச் சொல்லும் இன்னொரு வரி அதே பகுதியின் 11-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. எந்தக் குடிமகனும் இன்னொருவனை விலைக்கு வாங்கும் அளவுக்குப் பணக்காரனாக இருக்கக் கூடாது, எவனும் தன்னையே விற்கும் அளவுக்கு ஏழையாக இருக்கக் கூடாது. தேர்தல் சமயத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பணத்தைப் பற்றி நாம் பேசும்போது வாங்குகிறவரின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். இந்த வரி கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்க்கச் சொல்கிறது. மூன்றாம் பகுதியின் 15-ஆம் அத்தியாயம் இன்னும் கடுமையானது: ஆங்கில மக்கள் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள், நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டுமே அவர்கள் சுதந்திரமானவர்கள், தேர்ந்தெடுத்து முடித்ததும் அடிமைகள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்காம் பகுதியில் ரோமானிய மக்கள் மன்றங்கள் பற்றி வரும் நீண்ட விவரங்கள் இன்றைய வாசகருக்குச் சுமை. தாண்டிப் போனால் வாதம் அறுந்துவிடாது. பொதுவிருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவன் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான் என்று முதல் பகுதியின் 7-ஆம் அத்தியாயத்தில் வருவதும், குடிமைச் சமயத்தின், அதாவது குடிமக்கள் எல்லோரும் ஏற்க வேண்டும் என்று அரசு வகுக்கும் பொது நம்பிக்கைகளின், கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டுவிட்டு நம்பாதவனைப் போல நடப்பவனுக்கு மரண தண்டனை என்று கடைசி அத்தியாயங்களில் ஒன்றில் வருவதும் என்னால் எந்த விளக்கத்தாலும் ஏற்க முடியாதவை. சமயத்தின் பெயரால் தன் சொந்த ஊரிலேயே நூல் எரிக்கப்படவிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பது வலிக்கிறது; 1762 ஜூன் மாதத்தில் ஜெனீவா இந்த நூலையும், கல்வி பற்றி அவர் எழுதிய எமில் என்ற நூலையும் சேர்த்தே எரித்தது. இத்தனை சமத்துவம் பேசியவரின் குடிமக்களில் பெண்கள் இல்லை. அதற்கான முழு வாதம் எமில் நூலின் ஐந்தாம் பகுதியில் இருப்பதால் இந்தத் தொகுதியை மட்டும் படிப்பவர் அதை அறியாமலே போய்விடக்கூடும். 1792-ல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அதற்கு எழுதிய மறுப்பையும் தேடிப் படிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, கோலின் ஆங்கிலம் நீண்ட வாக்கியங்கள் கொண்டது, ஆனால் தெளிவானது. நம் கல்லூரி மாணவர் முதல் சில பக்கங்களில் அகராதியை நாடுவார், பிறகு பழகிவிடும். அவருடைய முன்னுரை, பழைய சிந்தனையாளரைப் படிக்க வரலாற்றுக் கற்பனை வேண்டும் என்று தொடங்கிப் பொதுவிருப்பத்தை விரிவாக விளக்குகிறது. நூல்களைப் படித்த பின் அதைப் படித்தால்தான் பயன் அதிகம். ஏற்றத்தாழ்வு ஆய்வுரைக்கு ரூசோவே எழுதிய நீண்ட குறிப்புகளில் பெரும்பகுதி இதில் சேர்க்கப்படவில்லை என்பது பெரிய இழப்பு. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் வெ. சாமிநாத சர்மாவின் தமிழ்ச் சமுதாய ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிளேட்டோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த அந்த உழைப்பாளியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவருடைய நடை இன்றும் சரளமாக ஓடுகிறது.

அச்சுப் பிரதி வாங்குகிறவர்கள் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் பலர் பல வடிவங்களில் மறுபதிப்புச் செய்கிறார்கள். கோலின் பெயர் போட்டிருந்தாலும் சமுதாய ஒப்பந்தம் மட்டும் இருக்கும் மெல்லிய பிரதிகளும் விற்பனையில் உண்டு. மூன்று ஆய்வுரைகளும் பொருளடக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இதை முடித்தவர்கள் அடுத்துத் தேட வேண்டியது, கார்சிகாவுக்காக 1765-ல் அவர் வரைந்த அரசியலமைப்புத் திட்டமும், அவர் மறைந்த பின் 1782-ல் வெளியான போலந்து பற்றிய நூலும். இரண்டும் இந்தத் தொகுதியில் இல்லை. மக்கள் பிரதிநிதிகளை அடியோடு மறுத்தவர், போலந்து போன்ற பெரிய நாட்டுக்குப் பிரதிநிதிகளை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அவர்களை அடிக்கடி மாற்ற வேண்டும், தங்களை அனுப்பியவர்கள் கொடுத்த கட்டளைக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டும், திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே நிபந்தனை விதிக்கிறார்.